யிட்டிஷ்: எழுத்து ஒன்று, உச்சரிப்பு இரண்டு

கேள்வி: கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான யிட்டிஷில் வந்த கதைகளை மொழிபெயர்ப்பில் படித்து, மூலத்திலேயே படிக்கும் ஆசையில் டுவோலிங்கோ என்ற மொழிப்பாடச் செயலியில் சேர்ந்தேன். அதில் கேட்கும் உச்சரிப்பு யூடியூப் பாடங்களில் இல்லை. இணைய அகராதியில் தேடினாலும் பல சொற்கள் அகப்படுவதில்லை. தவறு என்னிடமா?
– வாசகி, மதுரை

பதில்: இல்லை. 2021-இல் வந்த டுவோலிங்கோ பாடம் எழுதுவது யிட்டிஷ் ஆய்வு நிறுவனமான யீவோவின் தர எழுத்துமுறையில். பேசுவதோ ஹங்கேரிய மரபு ஹசிடிக் யூதர்களைப் (ஆசாரமான ஒரு யூதப் பிரிவினர்) போல. யூடியூபில் நீங்கள் கேட்பது அநேகமாக யீவோ உச்சரிப்பு. ‘நல்ல’ என்பது யீவோவில் ‘குட்’, ஹசிடிக் வாயில் ‘கிட்’. ‘அழகான’ என்பது ‘ஷெய்ன்’, ‘ஷாய்ன்’. உங்கள் நோக்கம் வாசிப்பு என்பதால் யீவோவையே பிடித்துக்கொள்ளுங்கள். ஹசிடிக் மக்கள் வாழும் நியூயார்க்கின் ப்ரூக்லின் கடைத்தெருப் பேச்சு புரியவேண்டும் என்பவர்களுக்குத்தான் டுவோலிங்கோ ஒலி.

யிட்டிஷ் எழுதப்படுவது எபிரேய எழுத்துகளில்தான். ஆனாலும் அவற்றை எபிரேயப் பாட வீடியோக்களில் கற்காதீர்கள். எபிரேயத்தில் ‘அயின்’ என்ற எழுத்து பெரும்பாலும் ஒலிப்பதில்லை. யிட்டிஷில் அதுதான் ‘எ’. முதல் எழுத்தான அலெஃபின் அடியில் வெறும் கோடு என்றால் ‘அ’; கோட்டுக்குக் கீழே சிறு வாலும் இருந்தால் ‘ஒ’. இவ்வளவு தெரிந்தால் பெரும்பாலான சொற்களை எழுதியபடியே வாசிக்கலாம். எபிரேயத்திலிருந்து வந்த சொற்கள்தான் வில்லங்கம்: அவை பழைய எழுத்திலேயே நிற்கும். ‘எமெஸ்’ (உண்மை) என்பதற்கு அலெஃப், மெம், ஸோஃப் மூன்றே எழுத்து, உயிர்க்குறி கிடையாது. இவற்றுக்குத் தனி நோட்டு போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. (சோவியத் அச்சகங்கள் இவற்றையும் ஒலிப்படியே அச்சிட்டன. அந்த நூல்கள் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.)

தேடல் சறுக்குவதற்குப் பெரும்பாலும் எழுத்துகளைக் கணினியில் பதியும் யூனிகோடு முறைதான் காரணம். ‘வ’ ஒலிக்கு இரண்டு ‘வோவ்’ எழுத்துகளைச் சேர்த்து எழுதுவார்கள். அதை இரண்டு தனிக் குறிகளாகவும் பதியலாம், இரட்டை வோவுக்கென்றே உள்ள ஒரே குறியாகவும் பதியலாம். நம் ‘கொ’வில் கொம்பும் காலும் தனித்தனியாகப் பதிவாகும் அதே சிக்கல்: கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. ஒரு வகையில் கிடைக்காவிட்டால் மறு வகையில் தட்டுங்கள். அலெஃபின் அடிக்குறியை நீக்கியும் பாருங்கள்.

வாசிக்க, அமெரிக்காவின் ஆம்ஹர்ஸ்டில் உள்ள யிட்டிஷ் புக் சென்டரின் தளத்தில் 11,000-க்கு மேற்பட்ட நூல்கள் இலவசமாக இருக்கின்றன. மான்ட்ரியல் யூதப் பொது நூலகத்தில் பதிவான ஒலிநூல்களும் அங்கேயே உண்டு. ஒரே கதைக்கு நூலும் ஒலியும் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு பக்கத்தைக் கேட்டுக்கொண்டே வாசித்துவிட்டு, பிறகு ஒலியில்லாமல் சத்தமாக வாசியுங்கள். பழைய அச்சுகளில் ‘யோர்’ (ஆண்டு) போன்ற சொற்களின் நடுவே, ஜெர்மனைப் பார்த்துச் செருகிய ஓசையற்ற ‘ஹே’ எழுத்து ஒன்று இருக்கும். அதை எடுத்துவிட்டு அகராதியில் தேடுங்கள்.