பெட்டி முழுவதும் சூடாக இருந்தும் பாம்பு ஏன் இரை எடுக்கவில்லை?

ரொறொன்ரோவில் உங்கள் மகனுக்காக வாங்கிய பால் பைதன் (ball python, ஆபிரிக்க மலைப்பாம்பு வகை ஒன்று) பாம்பின் கண்ணாடிப் பெட்டியில், நடுவில் ஒரு மின்குமிழைப் பொருத்தி எல்லா இடத்திலும் 33 பாகை செல்சியஸ் நிலவச் செய்திருப்பதாகவும், பாம்பு இரை எடுக்காமல் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள்ளேயே சுருண்டு கிடப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வெயில் நாட்டுப் பிராணிக்குச் சூடு எப்படி மிகையாகும் என்ற உங்கள் தாயாரின் கேள்வி நியாயமானது. ஜேர்மனியில் வாழ்ந்த காலத்தில் இதே இனத்தை வளர்த்தவன், இப்போது திருகோணமலையில் இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கச்சான் காற்று அனலாய் வீசும் மாதங்களில், நண்பகல் வேளையில், நம் ஊரில் வெட்டவெளியில் பாம்பைக் காண்பது அரிது. சாரை காலை வெயிலில் உடலைச் சூடாக்கிக்கொண்டு நிழலுக்குப் போய்விடும். மலைப்பாம்போ பொழுது சாய்ந்த பிறகே பெரும்பாலும் வெளியே வரும். உங்கள் பால் பைதனின் தாயகமான மேற்கு, மத்திய ஆபிரிக்காவிலும் அந்த இனம் பகலை எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் கழித்து, இரவில்தான் நடமாடுகிறது. பாம்பு தன் உடற்சூட்டை உள்ளிருந்து உண்டாக்குவதில்லை. இடம் மாறுவதன் மூலமே அதைச் சீர்செய்கிறது. திருகோணமலைக் கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணறுகளும் அருகருகே இருந்தும் சூட்டில் வேறுபடுவதால், அவரவர் தமக்கு ஏற்ற கிணற்றிலிருந்து அள்ளிக் குளிக்க முடிகிறதல்லவா. பெட்டியும் அத்தகைய தெரிவைக் கொடுக்க வேண்டும். எங்கும் 33 பாகை என்றால் பாம்புக்குப் போக்கிடம் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றுதான். (அந்த நீரில் மிளகுத்தூள்போல் கரும்புள்ளிகள் மிதக்கின்றனவா என்றும் பாருங்கள், தோலில் ஒட்டும் சிற்றுண்ணிகள் இருந்தாலும் பாம்பு இப்படி நீரில் கிடக்கும்.)

ஆகவே வெப்பத்தை ஒரு பக்கத்துக்கு ஒதுக்குங்கள். அந்தப் பக்கத்தில் பாம்பு படுக்கும் மேற்பரப்பு 31 முதல் 33 பாகை வரையும், எதிர்ப்பக்கம் 25 முதல் 27 பாகை வரையும் இருக்கட்டும்; இரவில் 24 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இரு பக்கங்களிலும் உடல் நெருக்கமாக அடங்கும் மறைவிடம் ஒவ்வொன்று கட்டாயம் தேவை. மறைவிடம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால், சூடு பொருந்தாவிட்டாலும் பாதுகாப்புக்காகப் பாம்பு அங்கேயே கிடந்துவிடும்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது, சூட்டை அளந்து வெப்பமூட்டியைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவியான தெர்மோஸ்டாட்டைப் பற்றி. எந்த வெப்பமூட்டியும் அது இல்லாமல் மின்சாரத்தில் இணைக்கப்படக் கூடாது. கட்டுப்பாடற்ற வெப்பப் பாய் ஒன்று 40 பாகையைத் தாண்டிச் செல்லும். பாம்போ அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் அவ்விடத்தை விட்டு உடனே விலகுவதில்லை என்பதால், காயம் வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். மின்குமிழுக்கு ஒளியைக் கூட்டிக் குறைக்கும் வகைத் தெர்மோஸ்டாட் தேவை. வெப்பப் பாய்க்கு மின்சாரத்தை விட்டுவிட்டுச் செலுத்தும் வகை போதும். தெர்மோஸ்டாட்டின் சூட்டை அளக்கும் உணரியை வெப்பமான பக்கத்தில் அசையாதபடி பொருத்துங்கள். பாம்பு அதை இழுத்துக் குளிர்ந்த பக்கத்தில் போட்டுவிட்டால், கருவி பெட்டி குளிர்ந்துவிட்டதாகக் கொண்டு இடைவிடாமல் சூடேற்றும். அதற்காகவே தெர்மோஸ்டாட்டின் எண்ணை மட்டும் நம்பாமல், தனியான டிஜிட்டல் வெப்பமானியைப் பக்கத்துக்கு ஒன்றாக வையுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் வெப்பமானி எனக்கு நம்பிக்கை தருவதில்லை. மேற்பரப்பை அளக்கத் துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானியே ஏற்றது.

வெப்பப் பாய் தரையைச் சூடாக்குமே தவிரக் காற்றை அதிகம் சூடாக்காது. அறை 20 பாகையாக இருக்கும் கனடியக் குளிர்காலத்தில் ஒளி தராத செராமிக் வெப்பமூட்டியே இரவுக்கு உதவும். அதைச் சுற்றிக் கம்பிக்கூடு இருக்க வேண்டும். அது காற்றை உலர்த்துவதால், தோல் சரியாக உரிவதற்கு ஈரப்பதத்தை 60 வீதமளவில் பேணுங்கள். சிவப்பு மின்குமிழ் இரவில் தேவையில்லை.

2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறொன்ரோவில் மின்சாரம் நாட்கணக்கில் நின்றதை அங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அப்படி நேர்ந்தால் காற்றுத் துளைகளை விட்டுவிட்டுப் பெட்டியைப் போர்வையால் மூடி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் போத்தலை உள்ளே வைத்து, மின்சாரம் திரும்பும் வரை இரை கொடுக்காமல் இருங்கள். குளிரில் செரிக்காத இரையைப் பாம்பு கக்கிவிடும்.

ஊரில் இதைப் படிப்பவர்கள் வளவுக்குள் வந்த மலைப்பாம்பைப் பிடித்து வளர்க்க எண்ண வேண்டாம். அது இலங்கையில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

பெட்டியைத் திருத்திய பின் ஒரு வாரம் பாம்பைக் கையில் எடுக்காமல் விட்டு, பிறகு சிறிய இரையொன்றை இரவில் கொடுத்துப் பாருங்கள். எடையைக் குறித்து வாருங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தாலோ, மூச்சில் சீழ்க்கை ஒலி கேட்டாலோ, ஊர்வனவற்றைப் பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டுசெல்லுங்கள்.