கண்ணுக்கே தெரியாத காமா கதிர் வெடிப்பை ரேடியோ கேலக்ஸியில் எப்படிக் கவனிக்கிறார்கள்? நம் ஊரில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன். நீங்கள் இயற்பியல் மாணவர், "கண்ணுக்கே தெரியாததைப் பார்த்து என்ன ஆகப்போகிறது" என்று வீட்டில் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். என் பெரியப்பாவும் அதையேதான் கேட்டார்.

2016 டிசம்பர் 31 ராத்திரி. விடுதியே புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் இருந்தது. நான் மொட்டைமாடியில் பெர்சியஸ் விண்மீன் குழுவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வுக்கான ரேடியோ கேலக்ஸி (ரேடியோ அலைகளை மிக வலுவாக வீசும் விண்மீன் மண்டலம்) என்ஜிசி 1275 அந்தத் திசையில், சுமார் 23 கோடி ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. அதன் நடுவிலுள்ள கருந்துளையை ஒட்டிப் பீறிடும் தாரைதான் காமா கதிர்களின் ஊற்று. அதே இரவில் ஸ்பெயினின் லா பால்மா தீவிலுள்ள மேஜிக் என்ற காமா கதிர்த் தொலைநோக்கிகள் அங்கே ஒரு பெரிய வெடிப்பைப் பதிவு செய்தன. முன்பு அளந்த சராசரியைவிடச் சுமார் 50 மடங்கு! அறிவிப்பைப் படித்தபோது என் கை நடுங்கியது.

மேஜிக் காமா கதிரை நேரடியாகப் பிடிப்பதில்லை. கதிர் வளிமண்டலத்தில் மோதித் துகள் மழையாகச் சிதறும்போது சில நானோ விநாடிகள் நீல ஒளி மின்னும். 17 மீட்டர் கண்ணாடிகள் பிடிப்பது அந்த மின்னலை. விண்வெளியிலிருந்து வந்து மோதும் புரோட்டான்களும் இதே மாதிரி மின்னலை உண்டாக்கும், அதுவும் ஆயிரக்கணக்கான மடங்கு அதிகமாக. பிம்பத்தின் வடிவத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

என்னிடம் அந்த வசதி இல்லை. லேப்டாப் இருந்தது. காமா கதிரை விண்வெளியிலேயே பிடிக்கும் நாசாவின் ஃபெர்மி செயற்கைக்கோள் சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை முழு வானத்தையும் பார்த்துவிடும். அதன் தரவு எல்லோருக்கும் இலவசம். அந்த வாரத்துத் தரவை இறக்கி, ஒவ்வொரு ஃபோட்டானாக (ஒளித்துகளாக) பார்த்தேன். ஒரு ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் உள்ளவை ஒரு நாளைக்கு விரல் விட்டு எண்ணும் அளவுதான் வரும். வெடிப்பின் பிரகாசம் இரட்டிப்பாகச் சுமார் 10 மணி நேரம்தான் ஆனது என்று மேஜிக் குழுவினர் கணித்தார்கள். அப்படியானால் அது எழுந்த இடம், அந்த நேரத்தில் ஒளி கடக்கும் தூரமான ஏறத்தாழ 1000 கோடி கிலோமீட்டருக்குள் அடங்க வேண்டும். நெப்டியூன் சுற்றுப்பாதையின் அகலம் அளவுதான். ஒரு கேலக்ஸிக்குள் அவ்வளவு சின்ன இடம்!

"பொதுத் தரவை இறக்கினால் ஆராய்ச்சியா?" என்று சிலர் வருவார்கள். பின்னணிக் கதிரைக் கழித்து, பக்கத்து மூலங்களைப் பிரித்து, பிழை எல்லை போட்டுப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருஷம் எனக்கு ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துத்தான் மெஸ் கட்டணம் கட்டினேன். கேட்டால் "ஃபைல் போயிருக்கு" என்பார்கள். ஆய்வை நான் பாதியில் விட்டதற்குக் காரணம் அதுதான், கணக்கு வராமல் இல்லை.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில், மேஜிக் போலவே வேலை செய்யும், 21 மீட்டர் குறுக்களவுள்ள நம் நாட்டு மேஸ் தொலைநோக்கி இப்போது இருக்கிறது. 2022 டிசம்பரிலும் 2023 ஜனவரியிலும் இதே என்ஜிசி 1275இன் வெடிப்புகளை அது பிடித்தது. பெரியப்பாவிடம் போன் போட்டுச் சொன்னேன்.

நீங்கள் ஃபெர்மியிலேயே தொடங்குங்கள். அதன் தரவுத் தளத்தில் பெயர்க் கட்டத்தில் என்ஜிசி 1275, தேதி 2016 டிசம்பர் 25 முதல் 2017 ஜனவரி 5 வரை. வரைபடம் வராமல் சிக்கினால் கீழே எழுதுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.