நூறு சதவீதத் தேர்ச்சி இருந்தும் பிள்ளைகள் ஏன் நின்றுவிடுகிறார்கள்? தலைமையாசிரியர் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: கிராமத்து அரசு உயர்நிலைப் பள்ளி, பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி, ஆனாலும் ஊரில் படிப்பை விட்ட பிள்ளைகள் நிறைய. எல்லாப் பிள்ளைகளும் கரையேற ஒரு தலைமையாசிரியர் என்ன செய்ய முடியும்?

முதலில் அந்த நூறு சதவீதத்தைச் சந்தேகப்படுங்கள். அது தேர்வு எழுதியவர்களில் நூறு, பள்ளியில் சேர்ந்தவர்களில் நூறு அல்ல. எட்டாம் வகுப்புவரை தமிழ்நாட்டில் யாரையும் ஃபெயில் போடுவதில்லை. அதனால் வடிகட்டுகிற வேலை ஒன்பதாம் வகுப்பில் நடக்கிறது. "இவன் பத்தாவது தாண்டமாட்டான், டிசி வாங்கிக்கங்க", "தனித்தேர்வரா எழுதட்டுமே" என்று பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்வார்கள். நீண்ட நாள் வராத பிள்ளையின் பெயர் நாமினல் ரோலுக்கே, அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியலுக்கே, போகாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. மேலே கேட்கப்படுவது ஒரே ஓர் எண் என்றால், கீழே அந்த எண்ணைத்தான் தயாரிப்பார்கள்.

ஆகவே முதல் வேலை வேறு கணக்குப் போடுவது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களின் பெயர்களைச் சேர்க்கைப் பதிவேட்டிலிருந்து ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே நான்கு கட்டம்: எட்டு முடித்தாரா, ஒன்பதில் இருந்தாரா, நாமினல் ரோலில் பெயர் இருந்ததா, தேறினாரா. டிசி வாங்கியவர் உண்மையிலேயே வேறு பள்ளியில் சேர்ந்தாரா, இல்லை எந்தப் பள்ளியிலும் சேராதவர்களின் பெயர் நிற்கும் காமன் பூலிலேயே கிடக்கிறாரா என்பது, கல்வித் துறையின் இணையப் பதிவான எமிஸில் அவருடைய எண்ணைப் போட்டால் தெரியும். உதாரணத்துக்கு, 64 பேர் சேர்ந்து 9 பேர் வேறு பள்ளிக்குப் போயிருந்தால் மீதி 55. அதில் 44 பேர் எழுதி 44 பேரும் தேறினால் வாசல் பலகையில் 100 சதவீதம் என்று எழுதலாம். உண்மைக் கணக்கு 80 சதவீதம்.

அந்த 11 பெயர்களுடன்தான் உட்கார வேண்டும். ஆணா பெண்ணா, எந்தத் தெரு, எந்தச் சமூகம், எத்தனை கிலோமீட்டரிலிருந்து வந்தார், பெற்றோர் செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டுக்கோ வெளியூர் போகிறவர்களா, மாற்றுத்திறன் உண்டா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று கொத்துகளாகச் சேர்ந்து நிற்கும். சமூக விவரத்தைத் தலைமையாசிரியர் தன் அறையில் வைத்து மட்டுமே பார்க்கட்டும். வகுப்பாசிரியர் கைக்கோ வாட்ஸ்ஆப் குழுவுக்கோ போகக் கூடாது.

அடுத்தது, ஆறாம் வகுப்புக்கு வந்தவுடன் வாய்மொழிச் சோதனை. இரண்டாம் வகுப்புத் தரத்தில் ஒரு பத்தி வாசிப்பு, கடன் வாங்கிக் கழித்தல் இரண்டு, ஒரு வகுத்தல். ஒரு பிள்ளைக்கு ஆறு நிமிடம் போதும். 40 பேர் என்றால் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம். எழுத்துத் தேர்வாக வைத்தால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதிவிடுவார்கள், ஒன்றும் தெரியாது. தன் வகுப்பைத் தானே சோதிக்கும் ஆசிரியர் தாராளமாக மதிப்பெண் போடுவார். ஏழாம் வகுப்பு ஆசிரியர் ஆறாம் வகுப்பையும், ஆறாம் வகுப்பு ஆசிரியர் ஏழாம் வகுப்பையும் சோதிக்கட்டும்.

இனி எல்லாமே கால அட்டவணையில்தான் இருக்கிறது. ஒரு தலைமையாசிரியர் யாரிடமும் அனுமதி கேட்காமல் கையாளக்கூடிய பெரிய அதிகாரம் அதுதான். ஆனால் பல பள்ளிகளில் அதைத் தயாரிப்பது மூத்த ஆசிரியர் ஒருவர். நோக்கம் யாருக்கும் மனக்கசப்பு வரக் கூடாது என்பது. விளைவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். நன்றாகக் கணக்கு நடத்துகிறவருக்குப் பத்தாம் வகுப்பு. வாசிக்கவே திணறும் ஆறாம் வகுப்பு, பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் தரும் தற்காலிக ஆசிரியருக்கு. பிழை வேர்விடுகிற இடத்தில் அனுபவமில்லாதவர், நான்கு வருடம் கழித்து அதைப் பிடுங்கப் பார்க்கிற இடத்தில் அனுபவசாலி. பள்ளியின் மிகச் சிறந்த இரண்டு ஆசிரியர்களுக்கு ஆறாம் வகுப்பில் ஆளுக்கு ஐந்து பீரியடாவது கட்டாயம் கொடுங்கள்.

கூடவே தினமும் ஒரு பீரியட், ஆறு முதல் எட்டு வரைக்கும் ஒரே நேரத்தில், வாசிப்பு நிலைப்படி குழு பிரியட்டும். எழுத்து தெரியாதவர், சொல் வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என மூன்று குழு போதும். தொடக்க வகுப்புகளில் தமிழக அரசு நடத்தும் எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் பிரிவும் இதே யோசனைதான். ஆறு வாரத்துக்கு ஒருமுறை சோதித்து ஆளை மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால் அதுவே 'சி செக்‌ஷன்' ஆகிவிடும். பெயர் ஒட்டிக்கொண்டால் பிள்ளை ஏறுவது கடினம். மற்ற பீரியடுகளில் எல்லோரும் கலந்தே உட்கார வேண்டும்.

இந்த ஏற்பாடு கெடும் இடங்கள் தெரிந்தவைதான். சிறப்பு வகுப்பை மாலை ஐந்து மணிக்கு வைப்பார்கள். தூரத்துப் பிள்ளைக்கு நாலரை பஸ்ஸை விட்டால் வேறு பஸ் கிடையாது, ஆக யாருக்கு வேண்டுமோ அவர் இருக்கமாட்டார். பி.இ.டி. (விளையாட்டு) பீரியடைப் பிடுங்குவார்கள், பள்ளிக்கு வர இருந்த ஒரே ஆசையும் போய்விடும். "போர்ஷன் முடியாது" என்ற ஆட்சேபம் எங்கும் வரும். நியாயமான கவலைதான், ஆனால் பத்தி வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அறிவியல் போர்ஷன் ஏற்கெனவே முடியாமல்தான் கிடக்கிறது. கொரோனாவுக்குப் பின் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்டோர் செய்த ஆய்வில், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு ஆறு மாதத்திலேயே மீண்டது தெரிந்தது. மீண்டதில் ஏறத்தாழ கால்பங்கு அரசின் இல்லம் தேடிக் கல்வி மாலை வகுப்புகளால். அங்கே நடத்தியவர்கள் தன்னார்வலர்கள். பயிற்சி பெற்ற ஆசிரியர்களால் ஒரு பீரியடில் முடியாதா என்ன!

வருகை பற்றிச் சுருக்கமாக. மாதச் சதவீதம் எதையும் காட்டாது, கிழமைவாரியாகப் பாருங்கள். சந்தை நாளிலும் திங்களிலும் மட்டும் குறையும் பெயர்கள் தனியே தெரியும். முதல் நாளே காலை பத்தரைக்குள் ஒரு ஃபோன். மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போக வேண்டும், அதுவும் திட்டுவதற்கு அல்ல. பதினைந்து நாள் கழித்துப் போனால் பையன் எங்காவது வேலைக்குச் சேர்ந்திருப்பான்.

பலரும் கணக்கில் எடுக்காத ஒன்று, பள்ளிக்குள்ளேயே யாருக்கு என்ன வேலை கிடைக்கிறது என்பது. இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறியுங்கள்: இறைவணக்கக் கூட்டத்தில் மைக் பிடித்தவர், வகுப்புத் தலைவர், ஆண்டு விழா நாடகத்தில் முக்கிய வேடம் கிடைத்தவர், இன்னொரு பக்கம் பெருக்கியவர், தண்ணீர் தூக்கியவர். கழிப்பறை கழுவ எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது, அதில் பேச்சே இல்லை. இரண்டு பக்கமும் வெவ்வேறு தெருக்களின் பெயர்களாக இருந்தால், உங்கள் பள்ளி என்ன கற்றுத் தருகிறது என்று பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை, அகரவரிசைப்படி இருக்கை என்றெல்லாம் பரிந்துரைத்தது. அரசாணைக்காகக் காத்திருக்காமல் நாளைக்கே இருக்கையை மாற்றலாம். மாதமொருமுறை வரிசையைச் சுழற்றினால் கடைசி எழுத்துக்காரரும் முன்னால் வருவார்.

வகுப்பைப் பார்வையிடும்போது பாடக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுவதைவிட, பதினைந்து நிமிடம் பின்னால் உட்கார்ந்து யாரிடமெல்லாம் கேள்வி கேட்கப்பட்டது என்று இருக்கை வரைபடத்தில் புள்ளி வையுங்கள். பிறகு எந்த விமர்சனமும் செய்யாமல் அந்தத் தாளை ஆசிரியரிடம் கொடுத்தால் போதும். ஸ்டாஃப் மீட்டிங்கில் மட்டும் காட்டாதீர்கள். ஒருமுறை காட்டினால் அடுத்த முறை கதவு திறக்காது.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்பது 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். நலிந்த பிரிவினருக்கு விகிதாசாரப்படி இடம் உண்டு என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதைத்தான் வசதியாக மறப்பார்கள். கூட்டத்தை வேலை நேரத்தில் வைத்தால் கூலிக்குப் போகும் அம்மா வரமாட்டார், வீட்டுக்குத் தீர்மான நோட்டு வரும், கையெழுத்துப் போடுவார். அவர் வரக்கூடிய நேரத்தைக் கேட்டு வையுங்கள். ஒரு கூட்டத்துக்கு ஒரு விஷயம் போதும். பஸ் நேரத்தை மாற்றச் சொல்லி டெப்போ மேலாளருக்குத் தலைமையாசிரியர் எழுதும் கடிதத்தைவிடக் குழுவின் தீர்மானத்துக்கு மதிப்பு அதிகம்.

இவ்வளவும் பள்ளிக்குள். காலிப் பணியிடமும் இடமாறுதல் கலந்தாய்வில் ஆசிரியர் கிளம்பிப்போவதும் தலைமையாசிரியர் கையில் இல்லை. மேலிடம் மாற்ற வேண்டியது, ஆய்வுக் கூட்டத்தில் கேட்கும் கேள்வியை. பிரேசிலின் சியாரா மாநிலம் இதைச் செய்து பார்த்தது. அங்கே தேர்வில் முந்திய பள்ளிகளுக்குப் பரிசுப் பணத்தில் முக்கால் பங்கைத்தான் முதலில் தருவார்கள். பின்தங்கிய ஒரு பள்ளியோடு ஜோடி சேர்ந்து, அதுவும் முன்னேறினால்தான் மீதி. போதிய அளவு மாணவர்கள் தேர்வு எழுதவில்லை என்றால் பரிசுக்கே தகுதி இல்லை. பலவீனமான பிள்ளையை வீட்டில் நிறுத்திவைத்து லாபம் பார்க்க வழி கிடையாது. நம் மாவட்டங்களில் பரிசு வேண்டாம், 'ஆறில் சேர்ந்தவர், பத்தில் எழுதியவர், தேறியவர்' என்று மூன்று எண்களை ஒரே வரியில் கேட்டாலே பாதி மாறும்.

ஒரு எச்சரிக்கை. யாரையும் வெளியே அனுப்பாமல் எல்லோரையும் எழுத வைக்கிற முதல் வருடம் சதவீதம் இறங்கும். மேலே சொன்ன 55 பேரும் எழுதி 49 பேர் தேறினால் 89 சதவீதம்தான். தேறியவர் ஐந்து பேர் கூடியிருந்தும், பதினொரு சதவீதம் சரிந்ததாகத்தான் செய்தி போகும். அதனால் ஜூன் மாதமே இந்த மூன்று எண்களையும் எதிர்பார்க்கும் சதவீதத்தையும் மேலாண்மைக் குழுத் தீர்மானமாக்கி, முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வந்த பிறகு எழுதும் விளக்கக் கடிதத்தை யாரும் படிக்கமாட்டார்கள்.