நீங்கள் இருக்கும் குழுவையே ஆராயலாமா?

கேள்வி: நான் ஆறு வருடங்களாகப் புனைபெயரில் எழுதிவரும் இரசிகர் புனைகதைக் குழுவையே (பிடித்த நூல்கள், படங்களின் பாத்திரங்களை வைத்து இரசிகர்கள் கதை எழுதும் குழு) எனது முதுமாணி ஆய்வுக்கு எடுக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக எடுக்கலாம். அமெரிக்க ஊடக ஆய்வாளர் ஹென்றி ஜென்கின்ஸ் 1992இல் தம்மையும் ஓர் இரசிகர் என்று சொல்லிக்கொண்டே இரசிகர்கள் பற்றிய ஆய்வுத் துறையின் முன்னோடி நூலொன்றை எழுதினார். ஆனால், நேற்றுவரை தோழியாகக் கதைத்த நீங்கள் இன்று குறிப்பேட்டோடு வந்திருப்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். முன்பு நம்பிக்கையோடு சொன்னவற்றைக் கேட்காமல் எடுத்தாளாதீர்கள். புனைபெயரை மாற்றினால் போதும் எனப் பலர் நினைக்கிறார்கள். ஒரு கதையின் ஒரேயொரு வரியை அப்படியே மேற்கோள் காட்டினாலும், அதைக் கூகுளில் இட்டால் எழுதியவரின் பக்கமே வந்து நிற்கக்கூடும் என்பதால், அனுமதி பெறுங்கள், இல்லையேல் சாரத்தை மட்டும் எழுதுங்கள். வீட்டாருக்குத் தெரியாமல் எழுதும் பிள்ளைகள் கொழும்பிலும் இருப்பார்கள்தானே! உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை முதல் நேர்காணலுக்கு முன்பே பெற்றுக்கொள்ளுங்கள்.