கேரியர், பம்பர், துரு: கேட்டவையும் பதில்களும்

வண்டிக் கூரையில் மாட்டும் கேரியர், பம்பர், வண்டி முன்னால் மாட்டும் புல் பார் மாதிரியான சாமான்களுக்கு பிளாஸ்டிங் செய்து, அதாவது மணல் மாதிரித் துகளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்து, கோட்டிங் போடுவது என் தொழில். துருவைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எந்தக் கலர் எடுப்பாக இருக்கும் என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது உங்கள் இஷ்டம்.

கேள்வி: புது ஸ்டீல் கேரியர் சார். பவுடர் கோட்டிங் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஒரு மழைக்காலம்தான் தாண்டியது. தட்டையான இடமெல்லாம் புதுசாகவே இருக்கிறது. வெல்டிங் பக்கத்திலும் போல்ட் துளைகளைச் சுற்றியும் மட்டும் பழுப்பாக வடிகிறது. பவுடர் மட்டமானதா?

பதில்: பவுடர் மட்டமாக இருந்திருந்தால் தட்டையான இடமும் போயிருக்கும். உங்களுக்குப் போனது பவுடருக்கு முந்தைய வேலை.

பவுடர் கோட்டிங் என்பது பெயிண்டைத் தூளாக அடித்து அடுப்பில் உருக்கி இறுகவைப்பது. பவுடர் அடுப்பில் உருகும்போது கூர்மையான ஓரத்தை விட்டு இரண்டு பக்கமும் விலகி ஓடும். தட்டையான இடத்தில் 80 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்கும் கோட்டிங், வெட்டிய ஓரத்தில் அதில் ஒரு சிறு பங்குதான் நிற்கும். அதனால்தான் ஓரங்களைக் குறைந்தது 2 மி.மீ. ஆரத்துக்கு உருட்டச் சொல்வார்கள். உள்மூலையில் கதை வேறு. பவுடர் மின்னேற்றத்தில்தான் போய் ஒட்டுகிறது. அந்த மின்புலம் குழாயும் தகடும் சேரும் உள்மூலைக்குள் சரியாக இறங்காது. அடிப்பவர் அவசரப்பட்டால் அங்கே சும்மா ஒரு நிழல் மாதிரி படிந்திருக்கும்.

இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. ஆக்சிஜன் வைத்து லேசரில் வெட்டிய தகட்டின் ஓரத்தில் மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கும். பார்க்கச் சாம்பல் நிறத்தில் சுத்தமாகத்தான் தெரியும். பவுடர் அந்தப் படலத்தின் மேல் ஒட்டும், படலம் இரும்பை விட்டுக் கழன்றுவிடும். உங்கள் துளைகளைச் சுற்றி உரிந்த செதிலை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் சாம்பல் தூள் ஒட்டியிருந்தால் காரணம் அதுதான். வெல்டிங் பக்கத்தில் ஸ்லாக் என்னும் கசடும் தெறித்து ஒட்டிய உலோக மணிகளும் இருந்திருக்கும். அவற்றின் மேல் பவுடர் அடித்தால் மணி உதிரும்போது கோட்டிங்கும் கூடவே வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் திரும்ப கோட்டிங் போடக் கொடுக்கும்போது பட்டறையில் என்ன கேட்க வேண்டும் அண்ணா? “எல்லாம் பார்த்துச் செய்கிறோம்” என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

பதில்: “துரு பிடிக்காமல் போட்டுக்கொடுங்கள்” என்று கேட்டால் அந்தப் பதில்தான் வரும். முதலில், பழைய கோட்டிங்கை எப்படி எடுப்பீர்கள் என்று கேளுங்கள். ஆசிட் தொட்டியில் முக்குவோம் என்றால் குழாய் மடிப்புகளுக்குள் ஆசிட் தங்குமே, அதை எப்படிக் கழுவுவீர்கள் என்று கேளுங்கள். பிளாஸ்டிங் என்றால் எஸ்ஏ 2½ என்னும் சுத்தத் தரத்துக்கு வருமா என்று கேளுங்கள். அந்தத் தரத்தில் இரும்பு ஏறக்குறைய வெண்சாம்பலாக இருக்கும், லேசான கறைகள் மட்டும் மிஞ்சலாம். அதற்கு முன்பு எண்ணெய் எடுத்தார்களா என்பதும் முக்கியம். எண்ணெயோடு பிளாஸ்டிங் செய்தால் அதை உள்ளே அடித்து இறக்கியதுதான் மிச்சம்.

பிளாஸ்டிங் முடிந்து எவ்வளவு நேரத்தில் பிரைமர், அதாவது அடிக் கோட், போகும்? சில மணி நேரத்துக்குள் என்றால் சரி. ராத்திரி முழுக்க வெறும் இரும்பாகக் கிடக்கும் என்றால் வேறு இடம் பாருங்கள். காற்றில் ஈரம் இருந்தால் பொழுது விடிவதற்குள் லேசான ஆரஞ்சுப் பூச்சு வந்துவிடும்.

கடைசியாக, எத்தனை கோட் என்று கேளுங்கள். வெளியில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்புக்கு ஒற்றைக் கோட் பவுடரை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அடியில் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் பவுடர், அதைப் பாதி வேகவைத்து, மேலே பாலியஸ்டர் பவுடர் போட்டு இரண்டையும் சேர்த்து முழுதாக வேகவைப்பது. இதுதான் முறை. “சேர்த்து வேகவைத்தல்” என்பது வெறும் பேச்சில்லை. பிரைமரை முதலிலேயே முழுதாக வேகவைத்துவிட்டால் மேல் கோட் அதோடு பிணையாமல் பின்னாளில் தகடு தகடாக உரியும்.

கேள்வி: கருப்பு பம்பர் ஒரே வெயில்காலத்தில் சாம்பல் பூத்துவிட்டது. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி வருகிறது.

பதில்: மேல் கோட்டாக எபாக்சி போட்டிருக்கிறார்கள். எபாக்சி துருவைத் தடுக்கும், வெயிலைத் தாங்காது. துரு இல்லையென்றால் உரிக்க வேண்டாம். நன்றாகச் சொரசொரப்பாக்கி, மேலே பாலியஸ்டர் பவுடரோ யூரித்தேன் பெயிண்டோ போட்டால் போதும்.

கேள்வி: கல் பட்டு பம்பரில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயர்ந்து துரு வந்திருக்கிறது. வீட்டிலேயே சரி செய்ய முடியுமா? மொத்தமாக உரித்துப் போட இப்போது வசதியில்லை.

பதில்: தாராளமாகச் செய்யலாம். ஆனால் நாணயம் அளவு துரு என்று நினைக்காதீர்கள். கோட்டிங்குக்கு அடியில் அது இன்னும் பரவியிருக்கும். இரும்பு துருவாக மாறும்போது முன்னிருந்ததைவிடப் பல மடங்கு இடம் எடுத்துக்கொள்ளும். அந்தப் புடைப்புதான் பக்கத்தில் நன்றாக ஒட்டியிருக்கும் கோட்டிங்கையும் நெம்பித் தூக்குகிறது. ஒரு கத்தி முனையை ஓரத்தில் செருகி மெல்ல நெம்பிப் பாருங்கள். எளிதாக எழுவதெல்லாம் வரட்டும். கோட்டிங் முரண்டு பிடிக்கும் இடத்தில் நிறுத்துங்கள். வேலை அங்கிருந்துதான் ஆரம்பம்.

80 நம்பர் உப்புத்தாளில் துருவை எடுங்கள். இரும்பு பளபளவென்று தெரிந்தாலும் குழிகளுக்குள் கருப்புப் புள்ளிகள் மிஞ்சியிருக்கும். அவற்றை விட்டுவிட்டால் செய்த வேலையெல்லாம் வீண். சின்ன ஒயர் பிரஷ்ஷோ கூர்மையான முள்ளோ வைத்துக் குடைந்து எடுங்கள். பிறகு 180, 320 என்று மாற்றி, பழைய கோட்டிங்கின் ஓரத்தைச் சரிவாக இழையுங்கள். விரலை ஓட்டினால் படி தட்டக் கூடாது. கடற்கரைப் பக்கமோ ரோட்டில் உப்புத் தூவும் ஊரிலோ ஓடும் வண்டி என்றால் இந்த இடத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி உலர்த்துங்கள். உப்பு மிஞ்சினால் கோட்டிங் வழியாக ஈரத்தை உறிஞ்சிக் கொப்புளம் கிளப்பும். அப்புறம் தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, வெறும் கையால் தொடாமல் பிரைமர் போடுங்கள்.

டூ-கே எபாக்சி பிரைமர்தான் நல்லது. இறுகவைக்கும் ஹார்டனரைத் தனியாகக் கலந்து போடுவது, கேனிலேயே ஹார்டனர் அடைத்து வருவதும் உண்டு. ‘ஹை பில்ட்’ என்று விற்கும் சாதாரண பிரைமர் இழைத்துச் சமப்படுத்துவதற்கானது, ஈரத்தைக் குடிக்கும். அதை வெறும் இரும்பின் மேல் போட்டுவிட்டு மாதக் கணக்கில் அப்படியே ஓட்டுபவர்கள் உண்டு, பிறகு பிரைமரைத் திட்டுவார்கள். பிரைமர் காய்ந்ததும் மேல் கோட்டை ஒரேயடியாக ஊற்றாமல் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடியுங்கள். பனி இறங்கும் நேரம் வேண்டாம். இரும்பு தொட்டால் ஜில்லென்று வேர்த்திருக்கும் காலையிலும் வேண்டாம்.

கேள்வி: துத்தநாக ஸ்பிரேயைத் துருவின் மேலேயே அடிக்கலாமா? துருவைத் தடுக்கும் என்றுதானே கேனில் போட்டிருக்கிறது?

பதில்: அடித்தால் கேன் காலியாகும், அவ்வளவுதான். இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டுதான் அதைக் காப்பாற்றுகிறது. அதற்கு இரண்டும் நேருக்கு நேர் தொட்டு மின்தொடர்பில் இருக்க வேண்டும். நடுவில் துருவோ பழைய பெயிண்டோ இருந்தால் தொடர்பு இல்லை. சுத்தமான வெறும் இரும்பில்தான் அது வேலை செய்யும்.

கேள்வி: துருவைக் கருப்பாக மாற்றும் கரைசல் ஒன்று விற்கிறதே, அதைப் பூசிவிட்டு மேலே பெயிண்ட் அடித்தால் போதுமா?

பதில்: அதில் பெரும்பாலும் டானிக் அமிலமோ பாஸ்பாரிக் அமிலமோ இருக்கும். துருவோடு சேர்ந்து நிலையான சேர்மமாக மாறும். உண்மைதான், ஏமாற்று வேலை இல்லை. ஆனால் எட்டுகிற ஆழம் வரைதான் மாற்றும். செதில் செதிலாகத் தடித்த துருவின் மேல் பூசினால் மேல் தோல் கருப்பாகும், அடியில் துரு தன் பாட்டுக்கு வேலையைத் தொடரும். முதலில் சுரண்டி எடுத்துவிட்டு, குழியில் மிஞ்சிய மெல்லிய கறைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, பாஸ்பாரிக் வகையைப் பூசிவிட்டு எபாக்சி போடுவதாக இருந்தால் மிஞ்சிய அமிலத்தைக் கழுவியாக வேண்டும். இல்லையென்றால் எபாக்சி சரியாக இறுகாது. கேனில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கலக்க வேண்டாம்.

கேள்வி: கேரியர் வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் வளைவில் வண்டியை ஒடித்தால் குழாய் முனையிலிருந்து பழுப்புத் தண்ணீர் சொட்டி முன் கண்ணாடியில் வழிகிறது.

பதில்: குழாய் உள்ளே அரிக்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. பவுடரும் ஸ்பிரேயும் உள்ளே போகாது. முனையில் இருக்கும் பிளாஸ்டிக் மூடி தண்ணீரைத் தடுக்கும் என்று நினைக்கிறோம், அது உள்ளே போன தண்ணீரை வெளியே விடாமல் பிடித்து வைப்பதில்தான் கெட்டி. குழாய் முழுக்க வெல்டிங்கில் அடைபட்டிருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் கேரியரில் ஏதாவது ஒரு போல்ட் துளை எப்படியும் குழாயைத் துளைத்துப் போயிருக்கும்.

மூடிகளைக் கழற்றுங்கள். தண்ணீர் தேங்கும் தாழ்வான முனையில் 5 அல்லது 6 மி.மீ. துளை ஒன்று அடிப்பக்கமாகப் போடுங்கள். துளை ஓரத்துக்குப் பிரைமர் தொட்டு வையுங்கள். தண்ணீர் விட்டு அலசி, நல்ல வெயிலில் ஓரிரு நாள் காயவிடுங்கள். பிறகு கார் கதவுகளுக்குள் அடிக்கும் மெழுகு ஸ்பிரேயை நீண்ட குழாய் மாட்டி, கடைசி வரை விட்டு இழுத்துக்கொண்டே அடியுங்கள். இப்போது போட்ட துளையை மெழுகு அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழாயைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தால் ஒரு இடத்தில் மட்டும் மொத்தையாகச் சத்தம் வந்தால், அல்லது விரலால் அழுத்தினால் அமுங்கினால், கோட்டிங் பேச்சே வேண்டாம். அந்தக் குழாயை மாற்றுங்கள். தலைக்கு மேல் பாரம் ஏற்றுகிற சாமான் அது.

கேள்வி: சும்மா பழைய என்ஜின் ஆயிலைத் தடவிவிட்டால் போதாதா?

பதில்: தூசி ஒட்டும், ரப்பர் ஊதும், மழையில் கூரையெல்லாம் வழியும். வேண்டாம்.

கேள்வி: என்னுடையது அலுமினியம் கேரியர், போல்ட் எல்லாம் எவர்சில்வர். துருவே வராது என்றார்கள். போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கிளம்பிக் கோட்டிங் புடைத்திருக்கிறது. ஒரு போல்ட் கழலவே மறுக்கிறது.

பதில்: அலுமினியத்துக்குச் சிவப்புத் துரு வராது, அரிப்பு வரும். அந்த வெள்ளைப் பொடி அதுதான். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு நடுவில் உப்புத் தண்ணீர் இருந்தால் ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடுகிறது. அதில் கரைவது அலுமினியம். போல்ட்டை இறுக்கும்போது வாஷர் கோட்டிங்கைக் கிழித்திருக்கும், அங்கேதான் ஆரம்பித்திருக்கும்.

சிக்கிய போல்ட்டுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். பலவந்தம் செய்தால் அலுமினியத்தின் மரை கழன்று வரும். கழற்றிய பிறகு பொடியைச் சுரண்டி, அலுமினியத்துக்கான பிரைமர் தொட்டு, போல்ட்டுக்கும் கேரியருக்கும் நடுவே நைலான் வாஷரும், மரையில் அது சிக்காமல் தடுக்கும் ஆன்டி-சீஸ் பசையும் போட்டு மாட்டுங்கள். சாதாரண இரும்பு போல்ட்டுக்கு மாறலாம் என்று யோசிக்காதீர்கள், அது தானே துருப்பிடித்து வழியும். பெரிய அலுமினியத்தில் சின்ன எவர்சில்வர் போல்ட் என்பது, ஈரத்தைப் பிரித்து வைத்தால், பழுதில்லாத ஜோடிதான். இதற்கு நேர்மாறாக, பெரிய எவர்சில்வர் பம்பரில் சின்ன இரும்பு போல்ட் போட்டால் அந்த போல்ட்டின் ஆயுள் குறைவு.

கேள்வி: எவர்சில்வர் புல் பார், கடலோரத்தில் இருக்கிறோம். டீ கறை மாதிரி பழுப்புப் புள்ளிகள். போலி எவர்சில்வரா?

பதில்: 304 ரக எவர்சில்வராக இருக்கும். கடல் உப்புக்கு அது அவ்வளவாகத் தாங்காது. 316 ரகத்தில் மாலிப்டினம் என்னும் உலோகம் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், அதையும் கழுவாமல் விட்டால் கறை வரும். சிட்ரிக் அமிலம் கலந்த கிளீனரில் கறையை எடுங்கள். இரும்பு ஒயர் பிரஷ்ஷோ சாதாரணப் பாத்திரக் கம்பி நாரோ தொடவே கூடாது. அதன் துகள்கள் பதிந்து, அவையே துருப்பிடித்துப் புதுப் புள்ளிகளாகத் தெரியும்.

கேள்வி: பழைய வண்டியின் குரோம் பம்பரில் குண்டூசி முனை அளவு துருப் புள்ளிகள். எப்படி நிறுத்துவது?

பதில்: குரோம் என்பது ஒரு மைக்ரானுக்கும் குறைவான தோல். துருவைத் தடுப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல். அந்த நிக்கலில் நுண்துளை விழுந்துவிட்டால், துத்தநாகம் மாதிரி அது இரும்புக்காகக் கரையாது. உள்ளே இருக்கும் இரும்புதான் கரையும். அதனால் முழுதாக நிறுத்த வழி, உரித்துத் திரும்ப முலாம் பூசுவதுதான். தள்ளிப்போட வேண்டுமென்றால், அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணீரில் நனைத்து மெல்லத் தேயுங்கள். குரோமைவிட அலுமினியம் மென்மை, கீறாது. துடைத்து உலர்த்தி மெழுகு போடுங்கள். பின்பக்கத்தையும் பாருங்கள். அங்கே முலாம் மெல்லிசாகத்தான் இருக்கும், சேறு ஒட்டுவதும் அங்கேதான்.

கேள்வி: ஹாட் டிப் கால்வனைஸ் செய்து, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்து, அதன் மேல் பவுடர் போட்டேன். முகமெல்லாம் குண்டூசித் துளை.

பதில்: துத்தநாகப் படலத்தில் அடைந்திருந்த வாயு அடுப்பில் விரிந்து உருகிய பவுடரைத் துளைத்து வந்திருக்கிறது. பவுடர் போடும் முன் வெறும் சாமானை, பவுடர் வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகத்தில் ஒருமுறை சுட்டு எடுக்க வேண்டும். லேசான பிளாஸ்டிங்கும் வேண்டும், அழுத்தி அடித்தால் துத்தநாகமே போய்விடும். பவுடர் போடப்போகிறோம் என்று கால்வனைஸ் செய்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடைசியில் குரோமேட் கரைசலில் முக்கிவிட்டால் பவுடர் ஒட்டாது. அடைபட்ட குழாய் உள்ள சாமானைத் துளை போடாமல் அங்கே அனுப்பவே கூடாது. துத்தநாகத் தொட்டி ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸ். உள்ளே அடைந்த ஈரம் அந்தச் சூட்டில் குழாயை வெடிக்க வைக்கும், பக்கத்தில் நிற்பவர் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: பிக்கப் தொட்டியில் அடிக்கும் தடித்த ரப்பர் மாதிரி கோட்டிங்கை பம்பருக்கும் போட்டுவிட்டால் கல்லுக்குத் தப்பிக்கலாமே?

பதில்: கல்லுக்குத் தப்பிக்கலாம். நல்ல எபாக்சி பிரைமரின் மேல் போட்டால் எனக்கும் சம்மதம். துருவை மறைக்கப் போட்டால்தான் வம்பு. ஒரு ஓரம் எழும்பினால் ஈரம் உள்ளே புகுந்து தங்கும். அந்தத் தோல் தடித்தது, கொப்புளம்கூட வெளியே தெரியாது. நீங்கள் பார்க்கும்போது பம்பர் ஓட்டையாகியிருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஓரங்களை நகத்தால் நெம்பிப் பார்க்கிற பழக்கம் இருப்பவர்கள் மட்டும் போடுங்கள்.

கேள்வி: கேரியருக்கு இவ்வளவு சொல்கிறீர்கள். அதன் கால் உட்காரும் கூரைக்கு?

பதில்: நல்ல கேள்வி, கேட்டவர் நீங்கள் ஒருவர்தான். கால் ரப்பருக்கு அடியில் மணல் புகுந்தால், வண்டி அதிரும்போதெல்லாம் கூரைப் பெயிண்ட்டை அரைத்துக்கொண்டே இருக்கும். கேரியரைச் சில மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, ரப்பரையும் கூரையையும் கழுவி, கால் படும் இடத்தில் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டிவிட்டு மாட்டுங்கள். ஸ்டெப்னி, ஜெர்ரி கேன், லைட் கிளாம்ப் என்று கேரியரில் எதை மாட்டினாலும் கிளாம்புக்கு அடியில் அதே ஃபிலிமோ ரப்பர் பட்டையோ போடுங்கள். திரும்ப மாட்டும்போது போல்ட்டை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து, கேரியரோடு வந்த தாளில் போட்டிருக்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு ஒருமுறை திரும்பச் சரிபாருங்கள்.