பச்சை குத்திய முகம்: நிழலில் மட்டும் பருக்கள் வந்தால்

கேள்வி: அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நானும் இரண்டு தம்பிகளும் முன்கையில் அவர் முகத்தைப் பச்சை குத்திக்கொண்டோம். மையில் ஒரு சிட்டிகை அஸ்தியும் கலந்தோம். 5 வாரம் ஆகிறது. எனக்கு அரிப்பு மட்டும்தான். பெரிய தம்பிக்குப் படத்தின் கன்னத்து நிழலில் சிவந்த பருக்கள். வீட்டிலிருந்த அமாக்ஸிசிலினும் ஸ்டீராய்டு களிம்பும் கேட்கவில்லை. டாக்டரிடம் போனால் அப்பா முகத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான். ரத்தத்தில் விஷம், புற்றுநோய், எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாது என்றெல்லாம் இணையத்தில் படித்தேன். சர்க்கரை உள்ள அம்மாவும் குத்திக்கொள்ளக் கேட்கிறார்.
- வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: முகத்தை யாரும் வெட்டப் போவதில்லை. ஒரு பருவின் மேல் மரத்துப்போக ஊசி போட்டு, சோதனைக்காக 4 மி.மீ. அகலத்தில் சதைத் துணுக்கு எடுப்பார்கள். ஒரு தையல், சின்னத் தழும்பு. நாள் கடத்தினால்தான் படம் கெடும்.

பருக்கள் கோடுகளை விட்டுவிட்டு நிழலில் மட்டும் வந்திருப்பதுதான் இங்கே முக்கியம். சாம்பல் நிற நிழலுக்குக் கறுப்பு மையில் தண்ணீர் விட்டு இளக்குவார்கள். அது கிருமி நீக்கிய நீராக இல்லாவிட்டால் மைக்கோபாக்டீரியம் செலோனே போன்ற, தண்ணீரில் வாழும் காசநோய்க் கிருமி இனத்துக் கிருமி ஊசியோடு தோலுக்குள் இறங்கும். டிஸ்டில்டு வாட்டர் என்றாலும் கிருமியற்றது என்று பொருளல்ல. 2011-இல் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் அப்படி நீர்த்த மையால் 19 பேருக்குத் தொற்று வந்தது. புண் ஆறிய பிறகு, பெரும்பாலும் 1 முதல் 3 வாரத்துக்குள் பருக்கள் கிளம்பும். காய்ச்சல் இருக்காது. அதனால் ஒவ்வாமை என்று நினைத்துக் களிம்பு தடவுகிறார்கள். ஸ்டீராய்டு சிவப்பைக் கொஞ்சம் அடக்கிக் காட்டி, கிருமியை வளரவிடும். அமாக்ஸிசிலின் இதை ஒன்றும் செய்யாது. மிச்ச மாத்திரைகளை வைத்து வைத்தியம் பார்ப்பதை இன்றே நிறுத்துங்கள்.

தோல் மருத்துவரிடம் போகும்போது தம்பி குத்திய தேதி, நிழலில் மட்டும் வந்தது, மையில் அஸ்தி கலந்தது மூன்றையும் சொல்லட்டும். எடுத்த துணுக்கு முழுவதையும் ஃபார்மலினில் (சதையைப் பதப்படுத்தும் திரவம்) போட்டால் கிருமி செத்துவிடும், கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) எதுவும் வளராது. பாதியை ஸ்டெரைல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீர்) வைத்து மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். சுமார் 30 டிகிரியிலும் வளர்த்துப் பார்க்க வேண்டும். 37-இல் மட்டும் வைத்தால் இந்தக் கிருமி தப்பிவிடலாம். காசநோய் மலிந்த நம் தென்னாப்பிரிக்காவில் நுண்ணோக்கியில் பார்த்ததுமே டி.பி. என்று முடிவு கட்டும் ஆபத்தும் உண்டு. வழக்கமான டி.பி. மாத்திரை செலோனேவுக்குப் பயன்படாது. பெரும்பாலும் கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், தேவைப்பட்டால் இன்னொரு மருந்தும் சேர்த்து, மாதக்கணக்கில் எடுக்க வேண்டியிருக்கும். கொழுப்புக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவரானால் முன்பே சொல்லிவிட வேண்டும். கிளாரித்ரோமைசினும் அதுவும் சேர்ந்தால் தசை சிதையலாம்.

சிவப்பு படத்தைத் தாண்டிப் பரவி, குளிர் காய்ச்சலும் வந்தால் அது வேறு தொற்று. விடியும்வரை காத்திருக்காமல் ஆர்.கே.கான் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

உங்கள் அரிப்பு தோல் ஆறும் அரிப்பு. வாசனையில்லாத அக்வஸ் கிரீம் போதும். ஆனால் மூவருக்கும் ஒரே மை என்றால் உங்கள் நிழலையும் சின்னத் தம்பியின் நிழலையும் வாரம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். அஸ்தியில் கிருமி கிடையாது, தகன நெருப்பில் எதுவும் பிழைக்காது. பிறகு அதைத் தொட்ட கையும் மடித்த காகிதமும்தான் சந்தேகத்துக்குரியவை. பெரிய துகள்கள் தோலுக்குள் தங்கிக் கட்டியாகவும் செய்யும். பச்சையால் புற்றுநோய் வரும் என்று நிரூபணமில்லை. எம்.ஆர்.ஐ. தாராளமாக எடுக்கலாம், படம் குத்தியிருப்பதை ஊழியரிடம் சொன்னால் போதும். ஊசி வழியாக வரும் நோய்களைத்தான் சோதிக்க வேண்டும்: குத்தி 12 வாரம் ஆனதும் மூவரும் ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி. மூன்றுக்கும் ரத்தம் கொடுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி இங்கே குழந்தைகளுக்கு வழக்கமானது 1995-இல்தான். அதற்கு முன் பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போட்டிருக்காது.

அம்மாவுக்கு ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தச் சோதனை) 7-ஐ ஒட்டி வரும்வரை வேண்டாம். வந்த பிறகும் முகம் வேண்டாம், அப்பா பெயரைத் தண்ணீர் கலக்காத கறுப்பு மையில், நிழலில்லாமல், முன்கையில் எழுதிக்கொள்ளட்டும். அஸ்தி கலக்கக் கூடாது. புதிய ஊசி உறையைக் கண்ணெதிரே பிரிக்காத கடையில் உட்காரவே வேண்டாம்.