உனக்கு ரேட்டு அவ்ளோதான்: கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எம்.சி. ரோடு பக்கத்துக் கடை ஒன்றிலிருந்து துணி வரும். லைனிங் ஜாக்கெட்டுக்கு 100 ரூபாய். நூலும் ஊக்கும் என்னுடையது. கூட்டிக் கேட்டதற்குக் கடைக்காரர், “உனக்கு ரேட்டு அவ்ளோதாம்மா, உன்ன மாதிரி தெருவுக்குப் பத்து பேர்” என்றார். அதிலிருந்து மெஷின் முன்னால் உட்கார்ந்தாலே ‘நாம அவ்ளோதானா’ என்றிருக்கிறது. என்ன செய்ய?

வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

‘ஜாக்கெட்டுக்கு’ என்று சொல்லவேண்டிய இடத்தில் கடைக்காரர் ‘உனக்கு’ என்று சொல்லியிருக்கிறார். பேரத்தில் இது பழைய உத்தி. கூலிப் பேச்சு ஆளைப் பற்றிய பேச்சானால், கேட்டவர் கூசிப்போய்த் திரும்பிவிடுவார். பேச்சை மறுபடி ஜாக்கெட்டுக்கே கொண்டுவர, கையில் கணக்கு வேண்டும்.

ஒரு வாரம் மணி பார்த்து நோட்டில் எழுதுங்கள். மெஷின் ஓடும் நேரத்தை மட்டும் எழுதுகிறவர்கள்தான் அதிகம், கணக்கு தப்புவதும் அங்கேதான். லைனிங்கை நனைத்துக் காயப்போட்டு வெட்டுவது, ஊக்கு, காஜா, ஹெம்மிங் எல்லாமே உங்கள் நேரம். உத்தேசமாக வெட்ட 25 நிமிடம், தைக்க 75, கைவேலை 35, இஸ்திரி 10 என்று வையுங்கள். மொத்தம் 145 நிமிடம். நூல், ஊக்கு, கரண்டுக்கு 10 ரூபாய் போனால் மிச்சம் 90. மணிக்கு 37 ரூபாய் சொச்சம். அவர் கடை தருகிற ரேட்டு அது.

ஆல்ட்ரேஷனைத் தனியாக எழுதுங்கள். கையைத் தூக்கினால் ஜாக்கெட்டே மேலே ஏறுகிறதா? ஆம்ஹோலை, அதாவது கை சேர்கிற வளைவை, இறக்கி வெட்டிவிட்டீர்கள். வெட்டிய துணியை ஏற்ற முடியாது, அக்குளில் ஒட்டுத்தான் கொடுக்கவேண்டும். உங்கள் தப்பு, காசு வாங்காதீர்கள். அளவு ஜாக்கெட் கொடுத்த பிறகு, தைக்கக் கொடுத்த அம்மா சதை போட்டுவிட்டாரா? பக்கத் தையலைப் பிரித்துவிட 30 ரூபாய் கேளுங்கள். (உள்ளே ஓர் அங்குலம் விட்டிருந்தால்தான் பிரிக்கவே முடியும். துணி மிச்சம் பிடிக்க அதில் கைவைக்காதீர்கள்.) தன் தப்பை முதலில் ஒத்துக்கொள்கிற தையல்காரிக்கு மீதிப் பேரம் சுலபம்.

தெருவிலேயே நேரடியாக வாரத்துக்கு ஐந்து ஜாக்கெட்டாவது பிடித்த பிறகுதான் கடைக்குப் போய்க் கேளுங்கள். அது இல்லாமலே ‘தூக்கி எறிந்துவிட்டு வா’ என்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள், உங்கள் வீட்டுக்கு அரிசி வாங்குவது அவர்கள் இல்லை. ஆடியும் மார்கழியும் வேண்டாம். முகூர்த்தம் இருக்காது, அவருக்குக் கை தேவைப்படாது. ஆவணி பிறந்ததும் போங்கள்.

“அண்ணே, லைனிங் ஜாக்கெட் இனிமே 140. நூலும் ஊக்கும் நீங்க குடுத்தா 130.”

சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். வாடகை, பிள்ளை ஃபீஸ் எதையும் இழுக்காதீர்கள். இழுத்தால் கூலி தர்மக்காசு ஆகிவிடும். மறுபடி ‘தெருவுக்குப் பத்து பேர்’ என்பார். இருக்கட்டும். “சரிண்ணே, கையில இருக்கறத முடிச்சுக் குடுத்துடறேன்” என்று எழுந்துவிடுங்கள். 120க்கு இறங்கி வந்தால் வாங்குவதா வேண்டாமா என்பதை வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். அவர் எதிரில் உட்கார்ந்து யோசித்தால் ‘சரி’ என்றுதான் வாய் வரும்.

தையல் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறீர்களா? 18 முதல் 60 வயதுக்குள் பதியலாம். அடுத்த கடிதத்தில் அந்த ஒரு வாரக் கணக்கையும் எழுதுங்கள்.